உப்பளக் கரையில் ஓர் உபநிஷத்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

  

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வந்தவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது, கண்ணாடிகளை வரிசையாகப் பதித்து வைத்தாற்போலப் பரந்து கிடக்கும் உப்புப் பாத்திகளைக் கண்டிருப்பீர்கள். 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்கள் இங்கே உள்ளன. பாத்திகளுக்கு நடுவே வெண்குன்றுகளாக உப்புக் குவியல்கள். வெயிலில் வெறுங்காலுடன் நிற்கும் ஆண்களும் பெண்களும். இது நேற்று உண்டான கரையன்று. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய எயிற்பட்டினத்தைப் பேசுகிறது. அப்பட்டினம் இம்மரக்காணப் பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கொள்கை. உப்பு ஏற்றிய வண்டிகளுடன் ஊர் ஊராகச் செல்லும் உமணரையும் அந்நூலிலே காண்கிறோம். ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் நாட்டின் இலையில் உப்பு இட்டுவரும் கரைகளுள் இதுவும் ஒன்று என்று சொல்லலாம்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் பெரியோர் வாக்கு. இலையில் உப்பு இட்டவரை நினைக்கிறோம். அந்த உப்பைப் பாத்தியில் வாரியவரை நினைக்கிறோமா? கடலிலே அதை இட்டவர் யார் என்று நினைக்கிறோமா? இம்மூன்று நினைவும் ஒன்றாகச் சேரும் இடத்தைக் காட்டுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

உப்பு விளைகிறது

ஆயிரம் பங்கு கடல்நீரில் ஏறத்தாழ 35 பங்கு உப்புப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. கண்ணுக்கு அவை தோன்றுவதில்லை. உவர்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்ற விட்டு, படிப்படியாகச் சிறிய பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். நீர் சுண்டச் சுண்ட, முதலில் ஜிப்ஸம் என்னும் சுண்ணச் சத்து அடியில் படிகிறது. அதன் பிறகே நல்ல உப்பு மணி மணியாகக் கட்டுகிறது. கடைசியில் எஞ்சும் நீரோ கசப்பு நீர். மக்னீசிய உப்புகள் மிகுந்தது. அதை உரிய வேளையில் வடித்து நீக்காவிடில் உப்பும் கசந்து போகும். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். வரப்பு உடையாமல் காக்க வேண்டும். நீளக் கைப்பிடி உடைய பலகையால், அடிமண் கலவாமல் உப்பை மட்டும் இழுத்து வார வேண்டும். தை மாதத்தில் தொடங்கும் இவ்வுழைப்பு, ஐப்பசி மழை வந்து பாத்திகளை மூடும் வரை நடக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், ஸந்நிதிக்கு வந்த முதியவர் ஒருவரிடம், "இன்றைக்கு எவ்வளவு உப்புச் செய்தீர்கள்?" என்று அடியேன் கேட்டேன். உப்பளத்திலேயே முடி நரைத்தவர் அவர். சிரித்துவிட்டு, "உப்ப நாங்க செய்யறதில்ல சாமி. பாத்திய ஒழுங்கா வெச்சிக்கிட்டா அது வெளையுது" என்றார்.

நெல் விளைகிறது என்கிறோம். உப்பும் விளைகிறது என்றே இக்கரையில் சொல்லுகிறார்கள். இச்சொல்லின் ஆழம் அன்று அடியேனுக்குப் புலப்படவில்லை. உப்பைத் தாம் படைத்ததாக அம்முதியவர் நினைக்கவில்லை. தம் உழைப்பு வேண்டாம் என்றும் அவர் நினைக்கவில்லை. கடல் கொடுக்கிறது, சூரியன் சுண்டச் செய்கிறான், காற்று துணை நிற்கிறது, மனிதன் இடத்தைச் செம்மை செய்து காத்திருக்கிறான். நால்வரும் கூடிய இடத்தில் உப்புத் தோன்றுகிறது.

ஓர் இளைஞன் கேட்டது

அண்மையில், கல்லூரியில் தத்துவம் பயிலும் இளைஞன் ஒருவன் பெருமாளை ஸேவித்துவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்தான். "சுவாமி, உலகத்துக்கு என்று ஒரு பொருளும் கிடையாது, வெறும் ஜடமான இயற்கையின் நடுவே மனிதனே தன் வாழ்வுக்குப் பொருளை உண்டாக்கிக்கொள்கிறான் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அது சரியென்றால் இந்த அர்ச்சனை, திருமஞ்சனம் எல்லாம் நாமாகக் கட்டிக்கொண்டவைதானே?" என்று கேட்டான். கேட்ட குரலில் பரிஹாஸம் இல்லை, ஏக்கம் இருந்தது. ஆகவே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஐரோப்பிய அறிஞர் சிலருடைய கொள்கைகளை அவனே எடுத்துரைத்தான். ஆல்பெர் காம்யு என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1942ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மலையுச்சிக்குப் பாறையை உருட்டிச் சென்று, அது மீண்டும் உருண்டு விழ, மறுபடியும் உருட்டும் கிரேக்கக் கதைமாந்தனை மனித வாழ்வுக்கு உவமையாக்கினாராம். வியன்னா நகரத்து மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் என்பவரோ நாஜிகளின் கொடிய முகாம்களிலே அடைபட்டு, பெற்றோரையும் மனைவியையும் இழந்து மீண்டவர். அவர் 1946இல் வெளியிட்ட நூலில், வாழ்வின் பொருள் மனிதன் கற்பனையால் கட்டுவதன்று, அவன் கண்டடைய வேண்டியது என்று கூறினாராம். செய்யும் பணியிலும், பிறரிடத்து வைக்கும் அன்பிலும், தவிர்க்க முடியாத துன்பத்தை ஏற்கும் முறையிலும் அது கிட்டும் என்பது அவர் முடிவு. அத்தகைய துன்பத்தினின்று மீண்டவர் வாயில் வந்த வார்த்தையை நாம் கைகூப்பியே கேட்க வேண்டும்.

அடியேன் அவ்விளைஞனிடம் சொன்னது இதுதான்: "குழந்தாய், தமிழில் 'பொருள்' என்னும் ஒரே சொல் வஸ்துவையும் குறிக்கும், சொல்லின் கருத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். வடமொழியில் 'அர்த்தம்' என்னும் சொல்லும் அப்படியே. நம் முன்னோர் வஸ்து வேறு, கருத்து வேறு என்று வெட்டிப் பிரிக்கவில்லை. நீ கேட்கிறாய், பொருளை நாம் படைக்கிறோமா, கண்டெடுக்கிறோமா என்று. அந்த உப்பளத்து முதியவரைக் கேள். பொருள் விளைகிறது என்பார்."

கடலில் உப்பு இல்லையாகில் எவ்வளவு மிதித்தாலும் பாத்தியில் ஒன்றும் விளையாது. கடல் முழுவதும் உப்பே ஆனாலும், பாத்தி கட்டாதவன் இலைக்கு உப்பு வாராது. நம் அர்ச்சனையும் திருமஞ்சனமும் விரதமும் பாத்திகள். பாத்தியை மனிதன் கட்டினான் என்பது உண்மை. அதில் விளைவதை மனிதன் கட்டவில்லை.

ச்வேதகேதுவின் உப்பு

இக்கரைக்கு மிகவும் உரிய உபதேசம் ஒன்று சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. உத்தாலகர் என்னும் தந்தை, ச்வேதகேது என்னும் தம் குமாரனுக்கு உபதேசிக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலவாஸம் செய்து, எல்லாம் கற்றோம் என்ற செருக்குடன் திரும்பிய பிள்ளை அவன். தந்தை அவன் கையில் உப்பைக் கொடுத்து, நீரில் இட்டுவிட்டுக் காலையில் வரச் சொல்கிறார். காலையில் அந்த உப்பை எடுத்துத் தரச் சொல்கிறார். பிள்ளை துழாவிப் பார்க்கிறான், அகப்படவில்லை. மேற்புறத்து நீரைப் பருகச் சொல்கிறார், உப்பாக இருக்கிறது. நடுவிலும் அப்படியே, அடியிலும் அப்படியே. காணாவிடினும் உப்பு அதிலேயே இருப்பது போல, ஸத் என்னும் பரம்பொருளும் இங்கேயே இருக்கிறது என்று தந்தை அருளிச்செய்கிறார்.

கண்ணால் தேடியவனுக்குக் கிட்டாதது நாவால் சுவைத்தவனுக்குக் கிட்டியது. உலகத்துக்குப் பொருள் இருக்கிறதா என்று தூர நின்று தேடுகிறவன், நீரைத் துழாவும் ச்வேதகேதுவே ஆவான்.

இவ்வுபதேசத்துக்கு ஸ்வாமி எம்பெருமானார் காட்டிய வழியைக் கவனியுங்கள். சேதனமும் அசேதனமுமாகிய உலகம் பொய்யன்று. அது எம்பெருமானுக்குச் சரீரம். சரீரம் என்றால் என்ன? ஓர் ஆத்மாவினால் தாங்கப்படுவது, அதனால் நியமிக்கப்படுவது, அதன் பொருட்டே இருப்பது. இம்மூன்று இலக்கணமும் உலகத்துக்கும் பொருந்தும். பூமியிலும் நீரிலும் காற்றிலும் உள்ளே இருந்து, அவற்றால் அறியப்படாமலே அவற்றை நியமிப்பவன் என்று பிருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி பிராஹ்மணம் விரித்துரைப்பதும் இதையே.

இதனின்று பொருளைப் பற்றிய பேருண்மை ஒன்று பிறக்கிறது. "தேவதத்தன் வந்தான்" என்கிறோம். வந்ததாகக் கண்ணுக்குத் தெரிவது உடல். நாம் கருதுவதோ அவ்வுடலுக்குள் உறையும் ஆளை. உடலைச் சொல்லும் சொல் உடலோடு நில்லாமல் உயிர்வரை செல்கிறது. அப்படியே, உலகம் அவனுக்கு உடலானபடியால், எல்லாச் சொற்களும் எம்பெருமான் வரை சென்றே பொருள் முடிகின்றன என்பது நம் ஸித்தாந்தம். உப்பு என்ற சொல்லும், கடல் என்ற சொல்லும், மழை என்ற சொல்லும் நாம் நிறுத்தும் இடத்தில் நிற்பதில்லை.

பிள்ளை லோகாசாரியர் அந்தர்யாமியைப் பூமிக்கடியில் ஓடும் நீருக்கும், அர்ச்சாவதாரத்தை ஆற்றில் வெள்ளம் வடிந்த பின்னும் தேங்கி நிற்கும் மடுவுக்கும் உவமித்தருளினார். தாகம் கொண்டவனுக்கு நிலத்தடி நீர் எட்டாது, மடு எட்டும். அவ்வுவமையின் நிழலில் ஒதுங்கி, இவ்வூரில் வாழும் அடியேனும் ஒன்று விண்ணப்பிக்கிறேன். ச்வேதகேது, கண்ட உப்பை நீரில் கரைத்துக் காணாமற்போகச் செய்தான். நம் உப்பளத் தொழிலாளியோ, நீரில் காணாத உப்பைக் கண்ணுக்கும் கைக்கும் வரச் செய்கிறான். முன்னது அந்தர்யாமி நிலை. பின்னது அர்ச்சாவதார நிலை. எங்கும் கரைந்திருப்பவனே, நாம் கண்டு தொட்டு அலங்கரித்து அமுது செய்விக்கும்படி, இன்று பல்லக்கில் கடலுக்கு எழுந்தருளுகிறான்.

உலகம் யாருக்காக?

சரீரத்தின் மூன்றாம் இலக்கணத்தை நாம் எளிதில் மறக்கிறோம். உலகம் அவன் பொருட்டு இருக்கிறது. நம் பொருட்டு மட்டும் இருப்பதன்று. நாமும் அவ்வுலகில் ஒரு கூறு.

லின் வைட் என்னும் அமெரிக்க வரலாற்று அறிஞர் 1967ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், இயற்கை மனிதனுடைய உபயோகத்துக்காகவே உண்டாயிற்று என்ற எண்ணமே இன்றைய சூழல் கேட்டின் வேர் என்று வாதித்தார். நார்வே நாட்டுத் தத்துவ அறிஞர் ஆர்னே நேஸ், 1973இல் உயிரினம் ஒவ்வொன்றுக்கும் தன்னளவில் மதிப்பு உண்டு என்னும் கொள்கையை நிலைநாட்டினார். காந்தியடிகளின் சிந்தனையை ஆழ்ந்து கற்றவர் அவர். இவற்றைக் கேட்டு, "எங்கள் சாஸ்திரத்தில் இது முன்பே உண்டு" என்று பெருமை பேசுவது எளிது. சாஸ்திரத்தில் இருக்கிறது; நம் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

மரக்காணத்துக்கு மேற்கே கழுவேலி என்னும் பெரிய நீர்நிலை இருக்கிறது. கடலின் உவர்நீரும் மழையின் நன்னீரும் கலக்கும் இடம் அது. பனிக்காலத்தில் வடதேசங்களிலிருந்து பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து தங்குகின்றன. 2021ஆம் ஆண்டு, 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நீர்நிலையைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயம் என்ற சொல்லை வைணவர்கள் லேசாகக் கேட்டுவிட்டுப் போகலாகாது. சரணம் புகுந்தவரை விடாமை நம் பெருமாளின் விரதம். அப்பெயரை ஒரு நீர்நிலைக்கு வைத்தபின், அதன் கரையில் குப்பை கொட்டுவது சரணாகதியை அவமதிப்பதே ஆகும்.

இரண்டு பிரார்த்தனைகள்

இனி, அடியேன் நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

இச்சுற்றுவட்டாரத்தில் உழவரும் உண்டு, உப்பளத்தாரும் உண்டு. மாசி மாதத்தில் வானம் கறுத்தால், மானாவாரிப் பயிர் வைத்தவர் ஸந்நிதியில் நின்று மழை வேண்டுமென்று கைகூப்புகிறார். அவருக்கு அடுத்து நிற்கும் உப்பளத் தொழிலாளி, மழை வேண்டாமென்று கைகூப்புகிறார். இருவர் கையிலும் ஒரே துளஸி. இருவர் தலையிலும் ஒரே சடாரி. "உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது" என்ற பழமொழி இங்கே வேடிக்கைப் பேச்சன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரியை ஒட்டி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, இங்குள்ள உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கி, பாத்தியும் வரப்பும் தெரியாமற் போயின. ஏரிகளை நிரப்பிய மழையும் அதுவேதான்.

இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்றையும் அடியேன் கேட்டிருக்கிறேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுனாமி வந்தது. ஸுமத்ரா தீவை ஒட்டிய கடலடியில் நிகழ்ந்த பூகம்பத்தால் எழுந்த அலை, சில மணி நேரத்தில் நம் கரையை அடித்தது. சில நாட்கள் கழித்து, மீனவக் குப்பத்திலிருந்து பெண்மணி ஒருவர் கோயில் வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. "சாமி, கடலும் பெருமாளோட ஒடம்புன்னு கதையில சொன்னீங்களே. அப்ப எம் புள்ளைய எடுத்துக்கிட்டது யாரு?" என்று கேட்டார்.

அப்போது அடியேனுக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல். கற்ற வித்யை நாக்கில் நின்றது. "எல்லாம் பூர்வ கர்மம் அம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன் பிறகு அவரைக் கோயிலில் அடியேன் கண்டதில்லை.

அன்பர்களே, அன்று அடியேன் சொன்னது அபசாரம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இம்மலரில் அதை ஒப்புக்கொள்கிறேன். கர்மத்தைச் சாஸ்திரம் சொல்லுவது, ஒருவன் தன் கஷ்டத்தைத் தாங்கிக்கொள்வதற்காகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள. பிறன் கஷ்டத்தை அளக்கும் முழக்கோலாக அதை நமக்குக் கொடுக்கவில்லை.

அவர் கேள்விக்கு விடை என்ன? ஸ்ரீராமாயணத்தில், பெருமாள் கடற்கரையில் தர்ப்பையைப் பரப்பி மூன்று இரவுகள் கிடந்து வழி வேண்டினார். பின்பு சினங்கொண்டு வில்லெடுத்தார். அப்போது ஸமுத்ரராஜன் தோன்றி, பஞ்ச பூதங்கள் தத்தம் இயல்பில் நிற்பவை என்றும், ஆழமும் கடத்தற்கருமையும் தன் இயல்பு என்றும், அதை விட இயலாவிடினும் அணை கட்டினால் தாங்குவேன் என்றும் விண்ணப்பித்தான். பெருமாள் அதை ஏற்றார். கடலின் இயல்பைக் கடலுக்கே விட்டார். பூமி அசைந்தால் கடல் எழும்; அது கடலின் இயல்பு. அந்த அலைக்கு ஒரு தாயின் மீதோ ஒரு குழந்தையின் மீதோ கோபம் கிடையாது. இவ்வளவு வரை அடியேனால் சொல்ல முடியும். அந்தக் குழந்தை ஏன் அன்று அங்கே இருந்தது என்ற கேள்விக்கு அடியேனிடம் விடை இல்லை. விடை உள்ளவன் போல் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் உலகம் அவனுக்கு உடல் என்ற ஸித்தாந்தத்தில் மற்றொரு பாதி இருக்கிறது. அன்று அதை மறந்தேன். காலில் முள் தைத்தால், ஏன் தைத்தது என்று கை விசாரணை செய்வதில்லை; உடனே சென்று பிடுங்குகிறது. ஏனெனில் இரண்டும் ஒரே உடலின் அங்கங்கள். தயை என்பது பிறர் துயரில் தானும் துயருறுவது என்று நம் பெரியோரில் ஒரு சாரார் நிர்வஹிப்பர். பிறர் துயரை நீக்க விரும்புவது என்று மற்றொரு சாரார் நிர்வஹிப்பர். எப்படிக் கொண்டாலும், வாளாவிருப்பது தயையாகாது. உலகம் பெருமாளின் திருமேனி என்று உபந்யாஸம் செய்துவிட்டு, வாசலில் அழுது நின்ற அங்கத்தினிடம் கை நீட்டாமல் நின்றேன். அப்போது என் சொல் பொருளற்றுப் போயிற்று.

அன்று மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்த முதியவர் ஒருவர், எழுத்தறியாதவர், அடியேனிடம் ஒன்றும் கேளாமல், தளிகை ஆனதும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தார். மறுநாளும் நடந்தார். அங்கே என்ன சொன்னீர் என்று கேட்டேன். "என்ன சொல்றது சாமி? பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றார். ஸ்ரீபாஷ்யத்தின் சரீர லக்ஷணத்தை அடியேன் பாடம் சொன்னவன், அவர் அநுஷ்டித்தவர்.

கடலை இறைத்த மஹரிஷி

இதே கடற்கரையில் வடக்கே, திருக்கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்தில் ஸ்தலசயனப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். பூதத்தாழ்வார் திருவவதரித்த திவ்யதேசம் அது. அதன் ஸ்தல புராணத்தை நீங்கள் கேட்டிருக்கலாம். புண்டரீக மஹரிஷி தாமரை மலர்களைப் பறித்து, திருப்பாற்கடலில் பள்ளிகொண்டவன் திருவடியில் ஸமர்ப்பிக்க ஆசைப்பட்டார். இடையிலே கடல் குறுக்கிட்டது. கடலை இறைத்து வற்றச் செய்து வழி காண்பேன் என்று கைகளாலே இறைக்கத் தொடங்கினார். அப்போது முதியவர் ஒருவர் வந்து, பசிக்கிறது, அன்னம் வேண்டும் என்றார். மஹரிஷி தயங்கினார். நீ போய் அன்னம் கொண்டுவா, அதுவரை நான் இறைக்கிறேன் என்றார் முதியவர். மஹரிஷி அன்னத்துடன் திரும்பி வந்தபோது, எம்பெருமானே அம்மலர்களை ஏற்று, ஆதிசேஷனும் இல்லாமல் வெறுந்தரையில் சயனித்திருந்தான்.

இந்தக் கதையைப் பல உத்ஸவங்களில் சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் அந்த மடைப்பள்ளிப் பெரியவர் நடந்த பின்பே அடியேனுக்கு விளைந்தது. உலகம் ஏன் இப்படி இருக்கிறது, அலை ஏன் வந்தது, இரண்டு பிரார்த்தனைகளில் எதை அவன் கேட்பான் என்ற கேள்விகளெல்லாம் கடல். அதை இறைத்து முடிக்க நம் கை போதாது. இறைத்துக்கொண்டிருக்கும்போதே பசித்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். கடலை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, நாம் அன்னத்துக்குப் போக வேண்டும். திரும்பி வந்தால், நாம் தேடிப் போன இடத்துக்கு அவனே வந்து கிடப்பான்.

ஆகவே, மழை வேண்டியவரும் வேண்டாதவரும் ஸந்நிதியிலே சேர்ந்து நிற்பது வீணன்று. மழை யாருக்குப் பெய்தாலும், பெற்றவர் இழந்தவரை நினைக்க வேண்டும் என்பதற்காகவே அவர்களை ஒரே வரிசையில் அவன் நிற்க வைத்திருக்கிறான். ஐப்பசி முதல் மார்கழி வரை பாத்தியில் வேலையில்லாமல் இருப்பவர் வீட்டுக்கு, அம்மழையால் விளைந்த நெல்லில் ஒரு படி போகுமானால், இரண்டு பிரார்த்தனைகளும் நிறைவேறின என்று கொள்ளலாம். வானத்தில் முரண்பட்டது பூமியில் ஒன்றுபடும். வாழ்வின் பொருள் விளைகிற பாத்தி அதுவே.

தீர்த்தவாரிக்கு வந்தவர்களுக்கு

தீர்த்தவாரியன்று கடலைப் பெருமாளிடம் கொண்டு வருவதில்லை. பெருமாள் கடலைத் தேடி எழுந்தருளுகிறார். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, அங்குள்ள மீனவ மக்கள் தம் குலத்துப் பெண்ணை மணந்த மாப்பிள்ளை என்று கொண்டாடி எதிர்கொள்வதைப் பலரும் ஸேவித்திருப்பீர்கள். கடலோரத்து மக்கள் அவனுக்கு உறவினர். உறவினர் வீட்டு முற்றத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

உத்ஸவம் முடிந்த மறுநாள் காலை இக்கரைக்கு வந்து பாருங்கள். ஸ்நானம் செய்தவர்கள் கழற்றி எறிந்த பழந்துணிகள், கற்பூரம் சுற்றிவந்த பிளாஸ்டிக் உறைகள், தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் அலையோடு ஒதுங்கிக் கிடக்கும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. அரசின் தடை ஒருபுறம் இருக்கட்டும். திருமஞ்சனம் கண்டருளிய திருமேனியின் மேல் குப்பையை எறிவோமா? கடலும் திருமேனிதான் என்று நம்புகிறவர்கள் எறியலாகாது. நம்பாதவர்கள், இதே நீர்தான் கழியில் ஏறிப் பாத்தியில் உப்பாகி நம் இலைக்குத் திரும்புகிறது என்பதையாவது நினைக்கலாம்.

முடிவாக, கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரத்தை நினைவூட்டுகிறேன். நம்மாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய ஒப்பிலியப்பன் ஸந்நிதி அது. பூமிப்பிராட்டி மார்க்கண்டேய மஹரிஷியின் குமாரத்தியாக வளர்ந்தாள். பெண் கேட்டு வந்த எம்பெருமானிடம், இவள் சிறியவள், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாள் என்றார் மஹரிஷி. உப்பில்லாமலே உண்பேன் என்றான் அவன். இன்றளவும் அங்கே தளிகையில் உப்புச் சேர்ப்பதில்லை. ஒப்பில்லாதவனை உப்பில்லாதவன் என்றே மக்கள் அழைக்கத் தலைப்பட்டார்கள்.

கடல் முழுவதையும் உப்பாக்கி உலகுக்கு இட்டவன், பூமியின் பொருட்டுத் தன் இலையில் உப்பை விட்டான். அவள் அறியாமையோடும் குறையோடும் அவளை ஏற்றான். அதே பூமியின் மேல் வாழும் நாம், அவள் பொருட்டு எதை விடுகிறோம்? ஒரு பிளாஸ்டிக் உறையையா, ஒரு வீண் செலவையா, "எல்லாம் எனக்காக" என்ற ஓர் எண்ணத்தையா? இன்று அலையில் முழுகி எழும்போது ஒன்றை விட்டுவிட்டு எழுங்கள். உதட்டில் உவர்ப்புத் தட்டும்போது ச்வேதகேதுவை நினையுங்கள். ஊர் திரும்பும் வழியில் உப்பளத்தைக் கண்டால், வெயிலில் நிற்பவரை நோக்கி ஒருமுறை கைகூப்புங்கள். வீட்டில் இலை போட்டு உப்பு வைக்கும்போது, அந்தக் குப்பத்துத் தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக அடியேன் நாள்தோறும் ஸந்நிதியில் பிரார்த்திக்கிறேன். நீங்களும் சேர்ந்து பிரார்த்தித்தால், அன்று தவறிய வார்த்தைக்கு ஒரு சிறிது பிராயச்சித்தமாகும்.

உப்பு விளைக, நெல்லும் விளைக, உலகுக்கு உள்ளுறைபவன் நம் கைகளின் வழியே வெளிப்படுக.

சுபம்.

அடியேன்,
ஸந்நிதி அர்ச்சகன்